நான் கழுவிவைத்த கருப்பு மணிகள்

முரளி,

இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் முதல் காரியமாக, திங்கட்கிழமை உன் ஆராய்ச்சிக் கைடுக்கு அனுப்ப எழுதிவைத்திருக்கிறாயே ஓர் அறிக்கை, அதை எடுத்து ஓரமாக வை. பிறகு உட்கார்ந்து நிதானமாக மற்றதைப் படி. நேற்று போனில், "கடிதம் வரும்வரை எதையும் அனுப்பாதே" என்று மட்டும் சொன்னேன். "இன்னாப்பா விஷயம்? யாருக்காவது உடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று மூன்று தடவை கேட்டாய். எல்லாரும் சௌக்கியம். விஷயத்தைப் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். சொன்னால், "பரவால்லப்பா, வுடு" என்று சொல்லி வைத்துவிடுவாய். நீ அப்படி விடக்கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன். எழுத்தில் இருந்தால் உன் கைடிடம் காட்டலாம், ஆய்வுக்கூடத்தில் கேட்கிறவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டலாம். நான் செய்த காரியம் நாலு பேருக்குத் தெரிந்தால் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. சொல்லப்போனால், இந்த நான்கு நாளாக நான் இருக்கும் சந்தோஷத்துக்கு ஊரைக் கூட்டி வைத்துச் சொல்லவும் தயார்.

ஞாயிற்றுக்கிழமை மலர்விழியும் அவள் அம்மாவும் ஒடுகத்தூரிலிருந்து வந்தார்கள். உங்கள் கல்யாணப் பத்திரிகைக் கட்டைக் கொடுத்துவிட்டு, முகூர்த்தப் புடவையை உன் அம்மாவிடம் காட்டிவிட்டுப் போகலாம் என்று வந்தவர்கள். புடவையைப் பார்த்ததும் உன் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. சம்பந்தியம்மாவை உள்ளே கூட்டிக்கொண்டு போனவள் ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. நானும் மலர்விழியும் மாட்டுக் கொட்டகைப் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தோம். கோபர் கேஸ் தொட்டியையும், பக்கத்தில் சாணக் கரைசல் வந்து விழும் குழியையும் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிற பெண், பார்க்கத்தான் செய்வாள் என்று நினைத்தேன். திடீரென்று, "இந்தக் குழியிலதான மாமா அவரு டெஸ்ட் பண்ணாரு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அத்தோட அந்த வேலையவே வுட்டுட்டாரு மாமா. உங்களுக்குச் சொல்லலியா?" என்றாள்.

நீ சொல்லவில்லை. பெங்களூரில் பெயின்ட் கம்பெனி வேலை என்று சொன்னபோது, ஆராய்ச்சி முடிந்து போகிறாய் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டோம். உன் அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். ஆனால் அந்தப் பெண் சொன்னது வேறு. பொங்கல் லீவில் உன் பிளாஸ்மாக் குழாயை இங்கே மூன்று நாள் ஓட்டிப் பார்த்தாயே, அதற்குள் இருந்த வினையூக்கி மணிகள் தாக்குப்பிடிக்கவில்லை, சாணத்துக் காற்றில் இருக்கும் ஈரமும் கந்தகமும் பிளாஸ்மாவுக்குள் அமிலமாக மாறி மணிகள் மேலிருந்த பூச்சையே தின்றுவிட்டது, ஆய்வுக்கூடத்துச் சிலிண்டர் வாயுவுக்கு வேலை செய்யுமே தவிர நிஜமான குழிக்கு இது உதவாது என்று எழுதி முடித்துவிட்டாயாம். இன்னொரு தடவை போய்ப் பார்க்கலாமே என்று அவள் சொன்னதற்கு, "எங்கப்பா கண்ணு முன்னாடி ஒரு தடவ தோத்தது போதும்" என்றாயாம்.  அடுத்து அவள் சொன்னாள்: "டியூப பிரிச்சிப் பாத்தா கருப்பா இருந்த மணியெல்லாம் வெள்ள வெளேர்னு கெடந்துச்சாம் மாமா."

முரளி, அமிலம் தின்றது என்று நீ எழுதியது சரி. அந்த அமிலம் சாணத்திலிருந்து வரவில்லை. ஸ்கூட்டர் பேட்டரிக்கு என்று நான் அலமாரியில் வைத்திருந்த பாட்டிலிலிருந்து வந்தது. உன் மணிகளைக் கழுவியது நான்.

எப்படி நடந்தது என்று ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். நான் வானாய்வு நிலையத்தில் என்ன வேலை பார்த்தேன் என்று உனக்குத் தெரியும். உன் கைடுக்குத் தெரியாது, அவருக்காக எழுதுகிறேன். தொலைநோக்கியின் பெரிய கண்ணாடிகளில் பழைய அலுமினியப் பூச்சு மங்கிப்போனால் அதைக் கரைத்து எடுத்துவிட்டுப் புதுப் பூச்சு போடும் அறையில் உதவியாளர். முப்பது வருஷம் என் கை செய்த வேலை ஒன்றே ஒன்றுதான், கழுவுவது. பழைய பூச்சு போக ஒரு கரைசல், அது போக ஒரு கரைசல், பிறகு வடித்த தண்ணீர், பிறகு பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒரே பக்கமாகத் துடைப்பது. திருப்பித் துடைத்தால் மேலதிகாரி கையைப் பிடித்துக்கொள்வார். கழுவாத எதுவும் பூச்சு போடும் கலத்துக்குள் போகக்கூடாது, ஒரு ஆணி கூட. கடைசியில் கதவைச் சாத்தி, உள்ளேயிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, மின்சாரம் விடுவார்கள். மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்ச காற்று ஊதா நிறத்தில் ஒளிரும். நாங்கள் கையால் கழுவ முடியாத அழுக்கை அந்த வெளிச்சம் கழுவிவிடும். நீ கல்லூரி இரண்டாம் வருஷம் படிக்கும்போது ஒரு தடவை கூட்டிப்போய்ச் சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாகக் காட்டினேன். "அப்பா, இதுதாம்பா பிளாஸ்மா" என்று நீ எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். இத்தனை வருஷமாகப் பார்த்த வெளிச்சத்துக்குப் பெயர் என்னவென்று நான் கேட்டதே இல்லை. வீட்டுக்கு வந்ததும் உன் அம்மாவிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டேன்.

அதே வெளிச்சத்தை ஒரு முழ நீளக் குழாயில் அடைத்துக்கொண்டு நீ பொங்கலுக்கு வந்து இறங்கியபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுதி மாளாது. அன்று சாயங்காலம் நீ எங்கள் இருவரையும் உட்கார வைத்து விளக்கினாய். அடுப்புக்குப் போகிற கேஸ் எரிந்துவிடுகிறது. ஆனால் கரைசல் வந்து விழும் குழியிலிருந்து கசிகிற மீத்தேன் ரொம்ப மெல்லியது, தீக்குச்சி கிழித்துப் போட்டாலும் பற்றாது. பற்றாததால் யாரும் கண்டுகொள்வதில்லை, அது பாட்டுக்கு மேலே போய் பூமியைச் சூடாக்குகிறது. குப்பைமேட்டில், நெல் வயலில், மாட்டுக் கொட்டகையில் எல்லாம் இதே கதை. "எரிக்கவே முடியாதத எரிக்கணும்மா, அதான் வேல" என்றாய். பெரிய உலை வைத்துச் சூடாக்காமல், சாதாரணச் சூட்டிலேயே மின்சாரத்தால் மீத்தேனைச் சீண்டிவிட்டால் பாதி உடைந்துவிடும், மீதி வேலையை மணிகள் மேலிருக்கும் செம்பும் மாங்கனீசும் பார்த்துக்கொள்ளும், ஒன்றில்லாமல் இன்னொன்றுக்குச் சக்தி போதாது என்றாய். உன் அம்மா எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுவிட்டு, "மாடு வுட்ற காத்துக்காடா இவ்ளோ படிப்பு படிச்ச?" என்றாள். நீதான் முதலில் சிரித்தாய். அப்புறம் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் கொட்டகையில் படுத்திருந்த செவலைப் பசு எழுந்து நின்றுகொண்டது.

மறுநாள் காலை நீ பயண அலுப்பில் தூங்கிக்கொண்டிருந்தாய். நான் பால் கறந்துவிட்டு வந்து அந்தக் குழாயை எடுத்துப் பார்த்தேன். மேலே சுற்றியிருந்த கம்பி வலையை நகர்த்தினால் உள்ளே மிளகு அளவில் மணிகள், கருப்பாக, கரி படிந்த மாதிரி. என் பிள்ளை இவ்வளவு அழுக்கோடு பிளாஸ்மா விடப் பார்க்கிறானே என்று எனக்கு மனசு பதறிவிட்டது. உன் ஆய்வுக்கூடத்தில் கழுவித்தர ஆள் இல்லை போலிருக்கிறது, இருக்கவே இருக்கிறோம் நாம் என்று உட்கார்ந்துவிட்டேன். பேட்டரி ஆசிட்டில் நிறையத் தண்ணீர் கலந்து மணிகளைப் போட்டேன். தண்ணீர் லேசாக நீலம் பாரித்தது. செம்புப் பாத்திரம் தேய்க்கும்போது வருகிற களிம்பு போல இருக்கவே, ஆகா, எவ்வளவு களிம்பு போகிறது பார் என்று மகிழ்ந்துபோய் இன்னும் கொஞ்சம் ஆசிட் விட்டேன். பிறகு பேட்டரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீரில் நான்கு தடவை அலசி, வெள்ளைத் துணியில் பரப்பி, வெயிலில் காயவைத்து, பழையபடி குழாயில் நிரப்பி, இரண்டு பக்கமும் நீ வைத்திருந்த பஞ்சை அப்படியே வைத்து, கம்பி வலையையும் சுற்றிவிட்டேன். வலைக்குள் என்ன நிறம் இருக்கிறது என்று வெளியே தெரியவில்லை. மீத்தேன் மீட்டரில் எண் சரசரவென்று இறங்கும், நீ துள்ளிக் குதிப்பாய், அப்போது மெதுவாக, "காலையில நான்தாண்டா கழுவி வெச்சேன்" என்று சொல்லலாம் என்று காத்திருந்தேன்.

எண் கொஞ்சமே கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டது. மூன்று நாள் பம்பை மாற்றினாய், வயரை மாற்றினாய், குழிக்கு மேல் போர்த்திய பிளாஸ்டிக் தாளை மாற்றினாய். மூன்றாவது நாள் குழாயைப் பிரித்துப் பார்த்துவிட்டு முகம் செத்துப்போய் என்னிடம் வந்து கேட்டாய்: "அப்பா, டியூப யாராவது தொட்டீங்களா?" நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "முப்பது வருஷம் கண்ணாடி கழுவுனவண்டா நானு. எத்த தொடணும் எத்த தொடக்கூடாதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. கழுவினால் ஒரு பொருள் கெட்டுப்போகும் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை. ஆனால் நீ கேட்ட கேள்விக்கு அது பதிலும் இல்லை. தொட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ அரை நிமிஷத்தில் கண்டுபிடித்திருப்பாய், என்னைத் திட்டியிருப்பாய், அடுத்த வாரமே வேறு மணிகளோடு வந்திருப்பாய். தொழில் தெரிந்தவன் என்ற மிதப்பில் உன்னுடைய ஏழு மாதத்தைத் தின்றுவிட்டேன். அதற்கு நீ என்னை மன்னிக்க வேண்டும். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை.

மலர்விழியிடம் அங்கேயே கொட்டகையில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வரப்போகிற மருமகளிடம் முதன்முதலில் பேசின பெரிய பேச்சே இதுதான். அவள் குழியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். கல்யாணமே நின்றுவிடுமோ என்று கூட எனக்குத் தோன்றிவிட்டது. பிறகு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். "மாமா, நீங்க பண்ணது பெரிய தப்பு. ஆனா இந்த வருஷத்துல இத்த வுட நல்ல சேதி எனக்கு வர்ல" என்றாள். சிரிப்புச் சத்தம் கேட்டு உன் அம்மா வெளியே வந்தாள். அவளிடமும் சொன்னேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இன்னாங்க நீங்க! அன்னிக்கி என் தோசக்கல்ல தேச்சீங்க. இன்னிக்கி புள்ள பொழப்பையே தேச்சிட்டீங்களா?" என்றாள். சம்பந்தியம்மா புடவையைக் கையில் பிடித்தபடி திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தார்.

தோசைக்கல் கதையை உன்னிடம் நாங்கள் சொன்னதே இல்லை. கல்யாணமான முதல் மாதம் அது. உன் அம்மா கண்ணமங்கலத்திலிருந்து வரும்போது, அவள் பிறந்த வீட்டில் பல வருஷம் பழக்கின இரும்புத் தோசைக்கல்லையும் கூடவே கொண்டுவந்தாள். அடுப்பங்கரையில் இவ்வளவு கருப்பாக ஒன்று கிடக்கிறதே என்று, அவள் தண்ணீருக்குப் போயிருந்த நேரத்தில் செங்கல் தூள் போட்டு முகம் பார்க்கிற அளவுக்குத் தேய்த்து வைத்தேன். அவளுக்குச் செய்த முதல் உதவி. திரும்பி வந்து பார்த்தவள் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். அடுத்த பத்து நாள் எங்கள் வீட்டில் தோசை என்று எதுவும் முழுசாக எழும்பவில்லை, சுரண்டித்தான் சாப்பிட்டோம். அந்தக் கருப்புதான் கல்லின் வேலையே என்று அன்று கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டதை அடுப்பங்கரையோடு விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன் பார், அதுதான் என் முட்டாள்தனம்.

அதனால் கல்யாணத்துக்கு முன்னால் உனக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். அந்தப் பெண்ணின் பொருளையோ பழக்கத்தையோ சரிசெய்து தருகிறேன் என்று கேட்காமல் இறங்காதே. ஆசையோடு செய்கிறோம் என்பதால் கேட்க வேண்டியதில்லை என்று நமக்குத் தோன்றும். எனக்கு இரண்டு தடவை தோன்றியது. உன் கண்ணுக்கு அழுக்காகப் படுவது எது, எத்தனை வருஷம் பழகி வந்தது என்று அவளுக்குத்தான் தெரியும். அப்படியும் கை வைத்துக் கெடுத்துவிட்டால், அவள் கேட்கும்போது உன் அருமை பெருமைகளைச் சொல்லாதே, நான்தான் தொட்டேன் என்று சொல்லிவிடு. அவள் சிரிக்கத் தெரிந்த பெண். அழுதாலும் பரவாயில்லை, பத்து நாளில் சரியாகிவிடும். உன் அம்மாவுக்கு ஆயிற்று. இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோற்றதை எங்கள் கண்ணில் படாமல் மறைத்துக்கொண்டு நல்ல வேலை கிடைத்தது என்று ஸ்வீட் வாங்கி வந்தாயே, அது எனக்கு வலிக்கிறது. நீ ஜெயித்தால்தான் எங்கள் பிள்ளை என்று நாங்கள் எப்போதாவது உன்னை நினைக்க வைத்திருந்தால், அது நாங்கள் செய்த இன்னொரு தப்பு.

இப்போது நல்ல பகுதிக்கு வருகிறேன். குழாயில் போடாத மிச்ச மணிகளை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு உன் பழைய புத்தகங்களுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டுப் போயிருந்தாய். உன் அம்மாதான் எடுத்துக்கொண்டு வந்தாள். மூடியைத் திறந்தால் எல்லாம் கருகருவென்று அப்படியே இருக்கின்றன. மலர்விழி என்னை அதே பேட்டரி ஆசிட்டை, அதே அளவுத் தண்ணீரில் கலக்கச் சொன்னாள். நாலு மணியை எடுத்துப் போட்டாள். தண்ணீர் நீலமாயிற்று, மணி வெளுத்தது. இன்னும் நாலு மணியைத் துணியில் முடிந்து, பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் கரைசல் குழிக்கு நேர் மேலே தொங்கவிடச் சொன்னாள். "மூணு நாளு இருக்கட்டும் மாமா. அவுத்துப் பாக்காதீங்க. முக்கியமா, கழுவாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். மூன்று நாளும் நான் அந்தப் பக்கம் போனால் உன் அம்மா என் பின்னாலேயே வந்து நின்றாள். நேற்று சாயங்காலம் மலர்விழியைப் போனில் வைத்துக்கொண்டு முடிச்சை அவிழ்த்தேன். ஒரு மணி கூட வெளுக்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து அவள் போட்ட சத்தத்தில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

அவள் கெட்டிக்காரி, அளவோடுதான் பேசுகிறாள். "இது மட்டும் போதாது மாமா. கரண்ட் வுட்டு ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும். கந்தகம் நெஜமாவே கெடுக்கலாம்" என்றாள். அதையும் அப்படியே எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். கருப்பாகவே இருக்கும் அந்த நாலு மணியையும் வெளுத்த நாலையும் தனித்தனிக் காகிதத்தில் மடித்து இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பே வந்துவிடு. வரும்போது குழாயையும் புது மணிகளையும் கொண்டு வா. பந்தல்காரரிடம் சொல்லி கொட்டகை வரைக்கும் தனியாக ஒரு கரண்ட் லைன் இழுக்க ஏற்பாடு செய்துவிட்டேன். எதற்கு என்று கேட்டார், மாப்பிள்ளைக்கு என்றேன். சொந்தக்காரர்கள் வந்து, மாப்பிள்ளை எங்கே என்றால் சாணக் குழியில் இருக்கிறான் என்று சொல்லிக்கொள்ள உன் அம்மா இப்போதே ஒத்திகை பார்க்கிறாள். நீயே பிரி, நீயே நிரப்பு. நான் தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். எண் இறங்கலாம், இறங்காமலும் போகலாம். இறங்காவிட்டால் அறிக்கையைக் கொடு, என் கையாலேயே தபாலில் சேர்க்கிறேன். பெங்களூருக்கு உங்கள் இருவரையும் சந்தோஷமாகவே பஸ் ஏற்றிவிடுகிறேன். ஆனால் பொங்கலன்று அந்தக் குழாய்க்குள் இருந்தது நான் வெளுத்து வைத்த வெறும் மணி. ஏழு மாதமாகத் தோற்றுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாயே, உன் யோசனையை இதுவரை ஒருவரும் சோதித்தே பார்க்கவில்லை, முரளி.

உன் அப்பா